பத்து எண்ணும் வரை

என் மகளைப் பற்றி அங்கன்வாடியிலிருந்து வாரத்துக்கு ஒரு புகாராவது வந்துவிடுகிறது. டீச்சர் ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்டால், அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவள் பதில் சொல்லிவிடுகிறாளாம். பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பசிக்கிறது, அதற்கடுத்த பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று எல்லாருக்கும் சேர்த்து இவளே அறிவிக்கிறாளாம். “கொஞ்சம் சொல்லி வையுங்க அக்கா, மத்த புள்ளைங்களும் பேசோணுமில்லீங்க” என்று போன வாரம்கூட டீச்சர் வாசலில் நிறுத்திச் சொன்னார். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு தலையாட்டினேன். ரோட்டில் திருப்பம் தாண்டியதும் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்கு நாலு வயது, கனமாகத்தான் இருக்கிறாள். இருந்தும் வீடு வரைக்கும் இறக்கிவிடவில்லை.

புகாரைக் கேட்டுச் சந்தோஷப்படும் தாய் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். இரண்டரை வயது வரைக்கும் இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் ஊரில் என் வாய்க்கு ஒரு பேர் உண்டு. களை எடுக்கப் போனால் கை ஒரு வரிசை போவதற்குள் வாய் மூன்று வரிசை போய்விடும் என்பார்கள். நான் அதை மறுத்ததில்லை. பேசத் தெரிந்தவள் பேசுகிறேன், இவர்களுக்கு என்ன. என் வீட்டுக்காரர் நேர் எதிர். ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைதான் என்று அளந்து வைத்திருப்பவரைப் போல இருப்பார். எனக்குப் பிறந்த பிள்ளை அவரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சொல்லி வைத்தவர்கள் என் வீட்டு வாசல் வரை வந்து பார்க்கவில்லை போலும் என்று சிரிக்கவும் செய்தேன்.

அது மட்டுமில்லை, எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. மகள் முந்தானையை இழுத்தால் பசி. தண்ணீர்க் குடத்தைத் தட்டினால் தாகம். அப்பாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால் வெளியே போக வேண்டும். எதையும் அவள் கேட்க வேண்டியதில்லை, கண்ணைப் பார்த்தே நான் கொடுத்துவிடுவேன். மற்ற பெண்கள் பிள்ளை எதற்கு அழுகிறது என்று தெரியாமல் முழிக்கும்போது, “என் புள்ள அழுவறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுரும்” என்று சொல்லித் திரிந்தேன். அந்த வாயைத்தான் பிறகு அடித்துக்கொள்ள வேண்டி வந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா மலையடிவாரத்து ஊரில் குடியிருக்கிறார். எனக்கு அவர் நங்கையா. நல்ல மனசு, ஆனால் நாக்கு அரிவாள். ஒரு கல்யாணத்துக்காகக் கீழே போயிருந்தபோது, பந்தலில் பத்துப் பேர் நடுவில் என் மகளின் தாடையைப் பிடித்து, “இத்தனை வயசாச்சு, இன்னும் ஒரு பேச்சக் காணோம். ஊமைக்கொட்டானா போயிருமாட்ட இருக்குது” என்றார். எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. “எங்க நங்கையாகிட்டப் பேசறதுக்கு என்ன இருக்குதுன்னு அவ நெனைச்சிருப்பா” என்று பதிலுக்குப் போட்டேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தை எனக்குள்ளேயே சில மாதங்களாக இருந்தது. இரவில் தூங்கும் பிள்ளையின் காதருகில் விரலைச் சொடுக்கிப் பார்த்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் பஸ் ஏறி, அத்தனை கொண்டை ஊசி வளைவையும் சுற்றி இறங்கி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் வழியெல்லாம் என் மடியில் வாந்தி எடுத்தாள். ஒரு அறையில் உட்காரவைத்து விதவிதமாகச் சத்தம் எழுப்பிக் காதைச் சோதித்தார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்றார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் அனுப்பினார்கள். சின்ன வயதுப் பெண், என்னைவிட ஐந்தாறு வயது குறைவாக இருக்கும். மேசைமேல் படங்களைப் பரப்பி வைத்து, “இது என்ன கண்ணு?” என்று மகளிடம் கேட்டாள்.

“பந்துங்க” என்றேன் நான்.

“இது?”

“பூனைங்க. எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க.”

மூன்றாவது படத்தை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டாள். “அக்கா, நான் பாப்பாவைத்தானுங்க கேட்டேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அரை மணி நேரம் மகளோடு விளையாடிவிட்டு அவள் சொன்னது இதுதான். “பாப்பாவுக்கு நீங்க சொல்றது எல்லாம் புரியுதுங்க. ஆனா கேக்காமயே எல்லாம் கெடைக்குது, கேட்டா நீங்க பதில் சொல்லிடறீங்க. ஒவ்வொரு குழந்தைக்கு வேற காரணமும் இருக்கும், அதை இப்பவே சொல்ல முடியாது. மூணு மாசம் நான் சொல்றபடி செய்யுங்க. ஒண்ணு கேட்டீங்கன்னா, மனசுக்குள்ள பத்து எண்ணுற வரைக்கும் பேசாதீங்க. அவ மொகத்தையே பாருங்க. மாசி மாசம் கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஒண்ணும் இல்லீன்னா அடுத்த டெஸ்டெல்லாம் பார்க்கலாம்.”

அடுத்த டெஸ்ட் என்ற சொல் எனக்குப் பயமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் பஸ்ஸில் கோபப்பட்டேன். பெற்றவளுக்குப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆஸ்பத்திரியா, அதுவும் இன்னும் கல்யாணம்கூட ஆகாத பெண்ணா என்று அடிவாரம் தொடங்கிப் பேசினேன். பாதி வளைவு ஏறும் வரை கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், “நீ பத்து எண்ணிப் பாரு” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, நாலுக்கு மேல் போக முடியவில்லை. மகள் குடத்தைத் தட்டுவாள். “என்ன சாமி வேணும்?” என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் முகம் கோணும். நாலு எண்ணுவதற்குள் என் வாய் தானாக, “தண்ணியா? இந்தா” என்றுவிடும், கை டம்ளரை நீட்டிவிடும். ஒரு மாதம் இப்படியே போனது. பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று ஊருக்கே தெரியும். தாய்க்கு மௌனம் வரவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது, அது எனக்கு வெட்கமாக இருந்தது.

தை பிறந்ததும் காட்டு வேலை கூடிவிட்டது. எங்கள் காடு ஒரு பள்ளத்தின் இரண்டு பக்கமும் கிடக்கிறது. இந்தப் பக்கச் சரிவில் மரவள்ளி, அந்தப் பக்கச் சரிவில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. நடுவில் பள்ளத்தில் கொஞ்சம் நெல். அவர் அந்தப் பக்கம் ஏணி போட்டு மிளகு பறிப்பார். நான் இந்தப் பக்கம் கிழங்கு பிடுங்குவேன், மகள் என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருப்பாள். இறங்கி ஏறி அவரைப் போய்ப் பார்த்து வர அரை மணி ஆகும், செல்போனுக்கு அங்கே டவர் கிடையாது. அதனால் கஞ்சி நேரத்துக்குக் கூப்பாடுதான்.

கூப்பாட்டுக்கு எங்கள் மலையில் ஒரு முறை இருக்கிறது. வாயருகில் கையைக் குவித்து, வார்த்தையை இழுத்து ஒரே ஒரு தடவை விட வேண்டும். விட்டதும் சும்மா நிற்க வேண்டும். குரல் பள்ளத்தைத் தாண்டிப் போய், பாறையில் மோதித் திரும்பி வந்து, அடங்கிய பிறகுதான் அந்தப் பக்கத்துப் பதில் கிளம்பும். இடையில் அவசரப்பட்டு இன்னொரு தடவை கத்தினால் இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, யாருக்கும் ஒன்றும் விளங்காது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, இங்கே பிறந்தவர்களுக்கு நடக்க வருவதைப் போல வரும். கூப்பிட்டவருக்குக் கட்டாயம் பதில் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் சேர்த்திதான்.

அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன். “ஏ...ய்... கஞ்சி குடிக்க... வாங்கோ...வ்!” கூப்பிட்டுவிட்டு நின்றேன். நிற்கும்போது தற்செயலாகக் கீழே பார்த்தேன். மகள் எழுந்து நின்றிருந்தாள். மண் ஒட்டிய இரண்டு கையையும் என்னைப் போலவே வாயருகில் குவித்து வைத்திருந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பள்ளத்தையே பார்த்தாள். “வாரே...ன்” என்று அவர் குரல் வந்ததும் குதித்தாள்.

வீட்டுக்குள் நாலு எண்ண முடியாத நான், இங்கே பத்துக்கு மேலேயே பேசாமல் நின்றிருக்கிறேன், தினமும் நின்றிருக்கிறேன். பள்ளத்துக்குக் கொடுத்த பொறுமையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. நான் வாயை மூடியிருந்த ஒரே இடத்தில்தான் அவளுக்கு ஒரு சந்து கிடைத்திருக்கிறது, அதை அவள் விடவில்லை. கெட்டிக்காரி!

மறுநாளிலிருந்து கூப்பிடும் வேலையை அவளிடம் விட்டேன். “அப்பாவக் கூப்புடு சாமி” என்று சொல்லிவிட்டு, பள்ளத்தைப் பார்த்து நிற்பதைப் போல அவளைப் பார்த்து நின்றேன். முதல் நாள் வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு ‘ஓ’ வந்தது, அவளுக்கும் எனக்கும் மட்டும் கேட்கிற அளவுக்கு. அந்த ‘ஓ’வுக்கு அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். எதற்குப் பாயசம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டிலும் எண்ணிக்கை மெல்ல ஏறியது. ஆறு, ஏழு. குடத்தைத் தட்டிவிட்டு உதட்டைக் குவித்துத் ‘தண்’ என்று ஒரு நாள் சொன்னாள், மீதியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பதைப் போல. ஆனால் பள்ளத்தைத் தாண்டும் குரல் இன்னும் வரவில்லை, மாசியும் நெருங்கிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வாரத்தில் நங்கையா மலைக்கு வந்தார். வீட்டில் யாரும் இல்லாததால் நேராகக் காட்டுக்கே வந்துவிட்டார். மடியில் வசம்பு கட்டி வைத்திருந்தார். “இதச் சுட்டுத் தேன்ல கொழைச்சு நாக்குல தடவு. பேச்சு வராட்டி எம்பேர மாத்திக்கூப்புடு” என்றார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நங்கையா வாய்க்குக் கொப்பரை மூடியும் போதாது. ஆனால் இத்தனை வளைவு சுற்றி, முழங்கால் வலியோடு வசம்பு கொண்டுவந்தவரை என்ன சொல்வது. நன்றி சொல்லி வாங்கி வைத்தேன். கஞ்சி நேரமாகியிருந்தது. அவர் எதிரில் மகளைக் கூப்பிடச் சொல்ல எனக்குப் பயம். குரல் வராவிட்டால் அந்தச் செய்தி நங்கையாவோடு பஸ் ஏறி அடிவாரம் போய்விடும். அதனால் நானே கூப்பிட்டுவிடலாம் என்று கையைக் குவித்தேன்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள். அது அவள் வேலை, எனக்கு என்ன அங்கே வேலை என்கிற மாதிரி ஒரு பார்வை. சரிவின் ஓரத்துக்குப் போனாள், கையைக் குவித்தாள்.

“ப்பா...ஓ...! கஞ்சீ...! வா...ங்கோ...வ்!”

நங்கையா “ஐயோ சாமி” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் வாயை என் கையால் பொத்தினேன். பெரியவர் வாயைப் பொத்துவது தப்புதான். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். குரல் போனது, பாறையில் மோதியது, ‘வாங்கோவ்’ என்று எங்களிடமே திரும்பி வந்தது. அடங்கியது. பதில் இல்லை. நான் எண்ணினேன். பத்தும் தாண்டியது. என் மகளும் அசையாமல் நின்றாள். பொறுக்கத் தெரிந்தவள்.

“வாரேன்... சாமி... வாரே...ன்!”

குரல் உடைந்திருந்தது. மரத்தின்மேல் ஏணியைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் பதில் கொடுத்தாராம், பல நாள் கழித்து ஒரே வரியில் சொன்னார். அன்றைக்கு மிளகுக் கூடையை மரத்திலேயே விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கி ஓடி வந்தார். மகள் என் பக்கம் திரும்பி, எனக்குக் காதே கேட்காது என்று நினைத்தவளைப் போல, “அப்பா வாராங்க” என்றாள்.

“யாரு கண்ணு?” என்று தெரியாதவளைப் போலக் கேட்டேன். இன்னொரு தடவை கேட்கும் ஆசைதான்.

“அப்பா!”

நங்கையா என் கையை விலக்கினார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. “எப்ப இருந்துடி பேசறா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ” என்றார். சொல்வதற்கு என்னிடம் ஒரு மூட்டை இருந்தது. கல்யாணப் பந்தலில் இருந்து ஆரம்பித்து அத்தனையும் நாக்கு நுனியில் வந்து நின்றது. வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

“அவளையே கேளுங்க நங்கையா” என்றேன்.

நங்கையா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, “எப்ப இருந்து சாமி பேசறீங்க?” என்று கேட்டார். மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கஞ்சித் தூக்குவாளியைப் பார்த்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு ஆனபோது நங்கையா அவளுக்குப் பதிலாக ஏதோ சொல்ல வாயெடுத்தார், அவர் தோளை அழுத்திப் பிடித்தேன். எட்டு. ஒன்பது.

“பசிக்குது. கஞ்சி குடு” என்றாள் என் மகள். முந்தானையை இழுக்கவில்லை.