தம்பி இளைத்துவிட்டான் என்று சொன்னேன்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் துணியைக் கையால் தொடாமலே அது எத்தனையாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவேன். இந்தக் கண்ணை வைத்துத்தான் ஒற்றைத் தறியிலிருந்து நாற்பது தறிக்கு வந்தேன். செவ்வாய்ப்பேட்டை ஜவுளி வியாபாரிகளே என் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார்கள். அந்தக் கண் ஒரே ஒருமுறை தப்பியது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம். நூல் வராமல் ஜலகண்டாபுரத்தில் எங்கள் தறி நின்றுபோனது. சோளக் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராகிக்கொண்டே வந்தது. தங்கை பிறந்ததும் தம்பிக்குத் தாய்ப்பால் நின்று, சவலையானான். பிறகு முகமும் காலும் புசுபுசுவென்று உப்பின. அவன் புறங்காலில் கட்டைவிரலை அழுத்தினால் குழி விழும். அது மெல்ல நிரம்புவதைப் பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு.

சிரிப்பதையும் அவன் விட்டபிறகு, அம்மா கைக்குழந்தையோடு அவனையும் தூக்கிக்கொண்டு சேலத்து ஆஸ்பத்திரியில் போய்த் தங்கினாள். பத்து நாள் கழித்து, "நீதான் வெவரமானவன், பாத்துட்டு வா" என்று அப்பா என்னை ஊர் வண்டியில் ஏற்றிவிட்டார்.

கட்டிலில் கிடந்தவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, விலா தெரிந்தது. காலை அழுத்தினேன், குழி விழவில்லை. கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தான். கரண்டியால் பால் புகட்டிக்கொண்டிருந்த நர்ஸம்மா சொன்னார்: "பயப்படாத சாமி. வடிஞ்சது வெறும் நீரு. இனிமேத்தான் சதை புடிக்கும். இன்னும் ஒரு மாசம் இருக்கோணும்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை.

"தம்பியப் பட்டினி போடறாங்கப்பா. எலும்பாக் கெடக்கறான்."

"நர்ஸு என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு என்னங்க தெரியும்? நாந்தான் கண்ணால பாத்தனே."

மறுநாளே அப்பா போய் அழைத்துவந்துவிட்டார். "இப்பத்தானுங்க சிரிக்கறான், உடுங்க" என்று அம்மா ஆஸ்பத்திரி வாசலில் மன்றாடினாளாம். அங்கேயே இருந்து பார்த்தவள் அவள். எடுபட்டதோ என் பேச்சு.

வீட்டில் மறுபடி அதே கஞ்சி. மாதம் திரும்புவதற்குள் கன்னம் உப்பிவிட்டது. "ஊட்டுச் சோறு ஊட்டுச் சோறுதான்" என்றார்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆடி பிறக்குமுன் தம்பி போய்விட்டான்.

அதற்கு முந்தின வாரம்தான் அவன் புறங்காலை அழுத்திப் பார்த்தேன். பழையபடி குழி விழுந்தது. அவன் சிரிக்கவில்லை, நான் சிரித்தேன். என் தம்பி பழையபடி ஆகிவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.