யார் காட்டில் முதல் விதை

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது. நான் வேலைக்குப் போன பிறகு, போன வருடம் கோடையில் வாங்கியது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் கிடையாது. அப்பா சின்ன வயதிலிருந்தே பக்கத்துக் காட்டுக்காரரிடம் கூலி வேலை செய்தவர். சாயங்காலம் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புவார்.

மானாவாரியில் விதைப்புக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். மழை விழுந்து ஈரம் காய்வதற்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். தவறினால் அந்த வருடம் அவ்வளவுதான். இதை அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

போன வருடம் புரட்டாசியில் நல்ல மழை. திருச்சுழியில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நம் காட்டிலும் இந்நேரம் விதை விழுந்திருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போனால், காடு உழுதது உழுதபடி வெறுமனே கிடக்கிறது. மேல்மண் வெளுத்துவிட்டது. அப்பா பக்கத்துக் காட்டில் விதை தூவிக்கொண்டிருந்தார்.

"நம்ம காட்டுல ஏம்ப்பா போடல?"

"அவுக காடு முடியட்டும் தாயி. முடிஞ்சதும் நம்மளுதுக்கு வாரேன்."

"அவுக கூப்பிட்டாகளா?"

"கூப்பிடணுமாக்கும்? மழை பேஞ்சிருச்சுல்ல."

பெரிய காட்டில் விதைப்பு முடியாமல் கூலிக்காரர் வேறெங்கும் போகக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். இப்போது யாரும் அதைக் கேட்பதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் மில்லுக்கும் டவுனுக்கும் போய்விட்டார்கள். அப்பாவின் கால்களுக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தக் காட்டுக்காரரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன்.

"நாங்க கூப்பிடலம்மா. அவராத்தான் வந்தாரு. எப்பவும் வர்றவருதானேன்னு விட்டுட்டோம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உன் காட்டை முதலில் பார் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது பஸ் ஏறியிருப்பேன். அதற்கும் வழியில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது. அந்த வருடம் எங்கள் காட்டில் புல்தான் முளைத்தது.

இந்த வருடம் மழை பெய்த மறுநாளே லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அப்பாவைக் கையோடு எங்கள் காட்டுக்குக் கூட்டிப் போனேன். டிராக்டர்காரரும் வந்துவிட்டார். உளுந்து விதை ஒரு பையில், பாசிப்பயறு விதை ஒரு பையில் தயாராக இருந்தன. அப்பா விதை தூவும் ஓலைப்பெட்டியைக் காலியாகக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன தாயி போட?"

"எதைப் போட்டா நல்லதுன்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"போடத் தெரியும். என்ன போடுறதுன்னு அவுகல்ல சொல்வாக."

ஆயுள் முழுக்க விதைத்த மனிதர். ஆனால் எதை விதைக்கலாம் என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. யாருமே கேட்காத கேள்விக்கு அவர் எப்படிப் பதில் யோசித்து வைத்திருப்பார்? யோசித்தால் அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியிருப்பார். இதையெல்லாம் நினைத்து வருத்தப்படக்கூட அன்றைக்கு நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃபைலைத் தவிர ஒன்றும் விதைத்தறியாத நான், குத்துமதிப்பாக "உளுந்து" என்றேன்.

அப்பா உடனே இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன் தயங்கி நின்ற ஆளா இவர் என்று இருந்தது. கை வீச வீச விதை சீராக விழுந்தது. டிராக்டர்காரர் பின்னாலேயே உழுது மூடிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. முதல்முறையாக எங்கள் காட்டில் ஈரத்தோடு விதைப்பு. எனக்கு அழுகை வரும்போல சந்தோஷம்.

அப்பா முகத்தையும் காலையும் கழுவிக்கொண்டு, கருவேல நிழலில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் கெளம்பட்டுமா தாயி?" என்று கேட்டுவிட்டு, நான் சரி என்று சொல்லும்வரை அங்கேயே நின்றார்.