நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள்

எங்கள் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் சந்தேக அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவோம், அவர் கோபித்துக்கொண்டதில்லை. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு, டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிக்க வந்தவர். சென்டருக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். மற்றவர்கள் அதற்கு உறை தைத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா மட்டும் கூடவே வந்த தடிப் புத்தகத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கம் பக்கமாகப் படித்து முடித்தார். அதன் பிறகு சென்டரில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் அவரைத்தான் தேடுவார்கள்.

அவருடைய அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். ஏ.சி. உண்டு, ஆனால் அது சர்வருக்காக. அக்கா வருஷம் முழுக்க ஒரு பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பார். கணவர் பஸ் டிரைவர், வாயாடி மனிதர். ஒருநாள் அக்காவை அழைத்துப் போக வந்தவர் என் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி வெச்சிருக்கா. புருஷன் மட்டும்தான் ஒத்த காப்பி. அதுவும் வேலை செய்யுதான்னு அப்பப்ப தட்டிப் பாத்துக்கறா." அக்கா சிரிக்காமல், "செய்யலன்னுதான் தோணுது" என்றார்.

நான் முன்வாசல் கவுன்ட்டரில் இருப்பவள். ஸ்கேன் சென்டர் என்றால் படம் எடுத்துக் கொடுக்கிற இடம் என்று வருகிறவர்கள் நினைப்பார்கள். பாதி வேலை பழைய படத்தில்தான் இருக்கிறது. என் தங்கைக்கு நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி. மூன்று வருஷமாக, ஆறு மாசத்துக்கு ஒருமுறை படம் எடுத்து, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து டாக்டர் பார்ப்பார். வளரவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். வளர்ந்திருந்தால் நெஞ்சைத் திறக்க வேண்டும். பழைய படமே இல்லையென்றால், ரிப்போர்ட்டில் எழுதிய அளவை மட்டும் நம்பி அவர் எதையும் சொல்ல மாட்டார், திறந்து பார்த்துவிடலாம் என்பார். அந்தப் படங்களெல்லாம் மாடிப்படிக்குக் கீழே, அக்காவின் சர்வரில் இருந்தன. அதனால் அக்காவின் சந்தேகம் எனக்குச் சாமி மாதிரி.

தினமும் மதியம் ஒரு மணி பத்துக்கு, ஸ்கேன் மெஷின் ஓய்ந்திருக்கும் நேரத்தில், அக்கா தானே எழுதிய ஒரு சின்னப் புரோகிராம் அன்றைய படங்களை எல்லாம் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுக்கும். வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் நீட்டுவார். உள்ளே நோயாளி எண்கள் எழுதிய சீட்டுகள். நான் ஒன்றை எடுக்க வேண்டும். அந்த எண்ணின் படத்தை நகலில் தேடி, திறந்து, முழுசாக ஓட்டிப் பார்ப்பார். "இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அது சொல்றத எல்லாம் கேட்டுக்கிட்டா குடும்பம் நடத்த முடியும்?" என்பார்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு, டை கட்டிய ஒருவன் வந்து சேர்ந்தான். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை சிஸ்டத்தைச் செய்கிற பெரிய கம்பெனியின் ஆள். அந்தக் கம்பெனி இப்போது வைரஸிலிருந்து காப்பாற்றும் பாதுகாப்புத் தொகுப்பு ஒன்றையும் தானே செய்து விற்கிறதாம். பெயர் முழுக்கவசம். மேனேஜர் அறையில் திரை கட்டி, பிஸ்கட் வைத்து, எங்களை எல்லாம் உட்காரவைத்துப் படம் காட்டினான். முகமூடி போட்ட திருடன், பூட்டு, கேடயம் என்று ஒரே கலர் கலராக ஓடியது. மேனேஜர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, ஒரு சந்தேகம்."

எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்லுங்க மேடம்."

"இந்த வைரஸ் எல்லாம் எது வழியா உள்ள வருது?"

"சிஸ்டத்துல சின்னச் சின்ன ஓட்டைங்க இருக்கும் மேடம். அது வழியா."

"அந்த சிஸ்டத்தச் செஞ்சது யாரு?"

"நாங்கதான்" என்று பெருமையாகவே சொன்னான்.

"அப்ப ஓட்டைய விட்டதும் நீங்க. அத அடைக்காம, பக்கத்துல நிக்க ஒரு ஆளப் போட்டு, அதுக்கும் தனியா வாங்கிக்கச் சொல்றீங்க?"

டை தன் கழுத்து முடிச்சைச் சரிசெய்துகொண்டான். பிறகு ஒரு பதில் சொன்னான் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "அது வேற டிபார்ட்மென்ட் மேடம்."

மேனேஜருக்கு முகம் சுண்டிவிட்டது. "செஞ்சவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்? எல்லாம் ஒரே கம்பெனின்னா, ஏதாவதுன்னா கேக்கறதுக்கு ஒரே ஆளு. எவ்வளவு சவுகரியம்!" என்றார். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்துப் போட்டார். நாங்கள் அதுவரை வைத்திருந்த வேறொரு கம்பெனியின் வைரஸ் தடுப்பை, முழுக்கவசம் உள்ளே நுழைந்ததுமே யாரையும் கேட்காமல் துரத்திவிட்டது.

அதன் பிறகு எல்லாத் திரையிலும் மூலையில் ஒரு பச்சை டிக். வாரம் ஒருமுறை கம்பெனியிடமிருந்து அறிக்கை வேறு வரும். மூன்றாம் வாரம் வந்ததை மேனேஜர் கலரில் பிரின்ட் எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். "இந்த வாரம் தடுக்கப்பட்ட ஆபத்துகள்: 4,312." போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திப் படிக்கவைத்தார். "பாத்தீங்களா? இவ்வளவு நாளா நாம எந்த லட்சணத்துல இருந்திருக்கோம்!" என்று அக்காவின் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் எடுத்த சீட்டு, பத்து நாளுக்கு முன்னால் வந்த ஒருவருடையது. அக்கா நகலில் தேடினார். இல்லை. இன்னொரு சீட்டு எடுக்கச் சொன்னார். அதுவும் இல்லை. முழுக்கவசம் வந்த நாளிலிருந்து ஒரு படம்கூட நகலாகியிருக்கவில்லை. முந்தைய இரண்டு வெள்ளியும் என் கைக்கு வந்தது பழைய நோயாளிகளின் சீட்டு, அதனால் தெரியவில்லை. அக்கா அறிக்கையின் உள்பக்கங்களைத் திறந்து அன்று சாயங்காலம் வரை வரி வரியாகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பதுக்குள். அக்காவின் புரோகிராம் ஒரு படத்தைத் திறக்கப் போகும், முழுக்கவசம் திருடன் என்று கையைத் தட்டிவிடும், ஓர் ஆபத்து என்று எழுதிக்கொள்ளும். அந்த நான்காயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட வெளியிலிருந்து வந்தது இல்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டிவைத்துக் கொண்டாடியதெல்லாம் அக்காவின் நகல்களைத்தான். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். எல்லா ஃபைலையும் வரிசையாகத் திறந்து வேறு இடத்துக்கு அனுப்புவது திருட்டுப் புரோகிராமின் நடத்தை என்று எழுதிவைத்ததைப் படித்தாள். "அது என் புரோகிராம்மா, நான் எழுதினது" என்றார் அக்கா. விதிவிலக்கு கொடுக்க வேண்டுமென்றால் இதைவிடப் பெரிய தொகுப்பு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எங்களிடமே நகல் எடுக்கும் சேவையும் இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம் என்றாள். கூச்சமே இல்லாமல் சொன்னாள். அக்கா போனை மேனேஜரிடம் நீட்டினார். அவர் கேட்டுவிட்டு, "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. யோசிப்போம். அதுவரைக்கும் கவசத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, அதை ஒரு தாளில் அச்சடித்தும் கொடுத்தார்.

மறுநாள் ஒரு மணிக்கு அக்கா என் கவுன்ட்டருக்கு வந்தார். "இவளே, தினமும் நாப்பது நிமிஷம் உனக்கு நெட் வராது. வெளியில போற வயரப் புடுங்கிட்டு, கவசத்த நிறுத்திட்டு, விட்டுப்போனதையும் சேத்துக் காப்பி எடுத்துட்டு, திரும்ப மாட்டிடுவேன். யாராவது கேட்டா சாப்பாட்டு நேரம்னு சொல்லு."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"என் வேலை போகும். படம் போச்சுன்னா?"

என் தங்கையின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "நான் பாத்துக்கறேன்க்கா" என்றேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அன்று மனசாரத்தான் சொன்னேன்.

அந்தக் கவசத்துக்கு வைரஸைப் பிடிக்கத் தெரிகிறதோ இல்லையோ, கோள் சொல்ல நன்றாகத் தெரியும். மாதக் கடைசி அறிக்கையில் சிவப்பு எழுத்தில் வந்தது: ஊழியர் ஒருவர் தினமும் பாதுகாப்பை வேண்டுமென்றே நிறுத்துகிறார். மேனேஜர் முதலில் கூப்பிட்டது அக்காவை அல்ல, என்னைத்தான்.

"உங்க கவுன்ட்டர்ல தினமும் நெட் நின்னிருக்கு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நீங்களும் கூட்டா?" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உங்க தங்கச்சிக்கு ஸ்டாஃப் குடும்பம்ங்கற கணக்குலதானே இங்க இலவசமா பாக்கறோம்?" என்றார்.

அந்த அற்ப மனிதர் வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதிக்கொடுத்தேன். தினமும் நாற்பது நிமிடம் இணைப்பு துண்டிக்கப்பட்டது, காரணம் எனக்குச் சொல்லப்படவில்லை என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊரில் இருக்கிற கம்பெனியை எல்லாம் இப்படித் திட்டுகிறேனே, அன்று நான் செய்ததும் அவர்கள் செய்ததற்கு ஒன்றும் குறைந்ததில்லை. அக்கா மறுநாள் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வரேன்" என்று எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் இடத்தை டை வாரத்துக்கு இரண்டு நாள் வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பதினொரு நாள் போயிற்று. அதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, சர்வர் எழுந்திருக்கவில்லை. திரை வரும், மறையும், திரும்ப வரும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கவசம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதாம். அந்தப் புத்தம்புது அறிவில், தன் கம்பெனியே செய்த சிஸ்டத்தின் ஒரு ஃபைலை ஆபத்து என்று பிடித்துப் பூட்டிவைத்துவிட்டது. டை ஓடிவந்தான். போனில் யாரோ சொன்னதைக் கேட்டு, சர்வரை முழுசாக அழித்துப் புதிதாகப் போட்டான். போட்டு முடித்த பிறகு நிமிர்ந்து, "பேக்கப் இருக்குல்ல?" என்றான்.

பீரோவிலிருந்து அக்காவின் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தோம். மாட்டியதும் திரை சிவப்பானது. திருட்டுப் புரோகிராம் எழுதிய டிஸ்க் என்று முழுக்கவசம் அதைத் திறக்கவே விடவில்லை. டை இரண்டு முறை முயன்றான். "இது பூரா வைரஸ் மேடம். இதையும் அழிச்சிட்டா கிளீனாயிடும்" என்று சொல்லி மவுஸை நகர்த்தினான்.

வெளியே பெஞ்சில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். அன்று பதினொரு மணிக்கு அவளுக்கு ஸ்கேன்.

"எடுடா கைய!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. டிஸ்க்கைப் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைக் கேட்காமலேயே அக்காவுக்குப் போன் போட்டேன்.

அரை மணி நேரத்தில் வந்தார். டை எழுந்து வழிவிட்டான். வயரைப் பிடுங்கினார், கவசத்தை நிறுத்தினார், டிஸ்க்கை மாட்டினார். பழைய படங்கள் எல்லாமே இருந்தன. அவர் போன நாளுக்குப் பிறகு எடுத்த பதினொரு நாள் படங்கள் மட்டும் இல்லை. அவர்களை எல்லாம் போனில் கூப்பிட்டு, மெஷின் கோளாறு, திரும்ப வாருங்கள் என்று பொய் சொல்லும் வேலை பிறகு என் தலையில் விழுந்தது.

எல்லாவற்றையும் திரும்ப ஏற்றச் சாயங்காலம் ஆகும் என்றார். ஆனால் முதலில் ஒரே ஓர் எண்ணைத் தட்டினார். பார்த்தேன், என் தங்கையுடையது. நான் கேட்கவே இல்லை.

"அக்கா, அந்த லெட்டர் நான்தான்..."

"தெரியும். காட்டினாங்க." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது நிமிஷம்னு எழுதியிருந்த. நான் ஒருநாளும் முப்பத்தெட்டத் தாண்டினதில்ல. எழுதறதுதான் எழுதற, சரியா எழுதக் கூடாதா?"

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

தங்கைக்குப் படம் எடுத்தார்கள். டாக்டர் பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். புள்ளி வளரவில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் மேனேஜர் பல்லை இளித்துக்கொண்டு, "நடந்ததெல்லாம் மனசுல வெச்சுக்காம நாளைக்கே வந்து சேருங்க" என்றார். "முதல்ல அந்தக் கவசத்த எடுங்க" என்றார் அக்கா. ஒப்பந்தம் மூன்று வருஷம், எடுக்க முடியாது என்றார் மேனேஜர். "அப்ப அதுவே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா வாசல் படியிறங்கிப் போனார்.

தங்கை எனக்காகக் காத்திருந்தாள். அவள் கண்ணெல்லாம் சந்தோஷம். "என் படத்த மீட்டுக் குடுத்தவங்க எங்கக்கா? ஒரு வார்த்தை நன்றி சொல்லிட்டு வரேன்."

"அவங்க இங்க வேலையில இல்ல."

"ஐயோ, ஏன்?"

பூசி மெழுகியிருக்கலாம். எனக்கு அதற்கு மேல் தெம்பில்லை. நான் எழுதிக்கொடுத்ததையும், எதற்காக எழுதிக்கொடுத்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஸ்கேன் எடுத்த அன்று எப்போதும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவாள். அன்று எனக்கு முன்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.