நடுங்காத கை

எண்பத்தாறாம் ஆண்டு கார்த்திகை மாதம். நாங்கள் டென்மார்க்குக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வைலே நகரத்தில் மேட்டுப்பக்கமாக இருந்த ஒரு மாடிக் குடியிருப்பில் நானும் என் கணவரும் இருந்தோம். அந்த மாதத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். கடல் பக்கமிருந்து பனிப்புகார் ஏறி வந்தால் எதிர்வீடுகூடத் தெரியாது.

என் கணவருக்கு அப்போது வலது கை நடுங்கும். ஊரில் அவரை இராணுவ முகாமில் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டபிறகு தொடங்கியது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இத்தனைக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளில்லை நான். இங்கே டொக்டர்மார் கொடுத்த குளிசைகள் ஒன்றும் கேட்கவில்லை. தொழிற்சாலையில் அவருக்குச் சின்னச் சின்னத் திருகாணிகள் பூட்டும் வேலை. கை இப்படியே இருந்தால் வேறு ஆள் பார்க்கவேண்டி வரும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்த வேலையும் போனால் என்ன செய்வோம் என்று இரவுகளில் கணக்குப் போட்டுக்கொண்டு கிடப்பேன்.

அவரோடு ஒரு டெனிஷ்காரப் பெரியவர் வேலை செய்தார். தங்கமான மனிதர். துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் பழைய உறுப்பினர். இந்த நாட்டில் அதுவும் ஒரு விளையாட்டு. ஒருநாள் இவரையும் பழகிப்பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் பெரியவர் ஓடோடி வந்து என்னிடம் சொன்னார், துப்பாக்கியைப் பிடித்தால் உங்கள் கணவருக்குக் கை நடுங்குவதில்லை என்று.

அடுத்தடுத்த கிழமைகளிலும் கழகத்துக்குப் போனபோது அப்படித்தானாம். பெரியவருக்குக் கண் மங்கிவிட்டதால் தன் கைத்துப்பாக்கியை விற்க இருந்தார். கழகமும் பொலிசும் சம்மதித்தால் இவரே வாங்கலாம், அதற்குமுன் கைக்குப் பொருந்துகிறதா என்று தன் வீட்டுக்கு வந்து அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்றார். இவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான்தான் முந்திக்கொண்டேன்.

"கை சுகமாகுதெண்டா பாம்பெண்டாலும் வீட்டில வைச்சிருப்பம். நானும் வாறன், போய்ப் பாப்பம்" என்றேன்.

ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனோம். பெரியவர் தனியாக இருந்தார். மேசையில் கோப்பியும் கேக்கும், நடுவில் ஒரு மெழுகுதிரி. விருந்தாளி வந்தால் இவர்கள் பகலிலும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எனக்கோ பகலில் எரியும் விளக்கைக் கண்டால் செத்தவீடுதான் நினைவுக்கு வரும். வீட்டில் ஒரு சத்தமில்லை. யன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளைப் புகார்.

பெரியவர் பெட்டியைத் திறந்து, துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இரண்டு தரம் காட்டினார். பிறகு சட்டைக்கு அளவெடுக்கிற தையல்காரர்போல் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிடி உள்ளங்கையை நிரப்புகிறதா, சுட்டுவிரலின் நுனிச்சதை எட்டிப் பிடிக்காமல் தானாக விசையில் வந்து படுகிறதா, கையை நீட்டினால் பாரத்தில் முனை தாழ்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கிவிட்டுத் திறக்கச் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டுக்கு நேரே துப்பாக்கி நின்றது. "உங்களுக்கென்றே செய்ததுபோல இருக்கிறது" என்று சிரித்தார்.

கடைசியாக ஒரு சின்னக் காசைத் துப்பாக்கிக் குழலின்மேல் வைத்து, அது விழாமல் விசையை அழுத்தச் சொன்னார். என் கணவர் அழுத்த, டிக் என்றது. காசு அசையவில்லை. மறுபடி அழுத்தினார். காசு அப்படியே இருந்தது. கழகத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கே விழுந்துவிடுமாம். அன்று காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் தடுமாறிய கை அது. எனக்குக் கைதட்டவேண்டும்போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு என் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் நெற்றி முழுக்க வியர்வை மினுங்கியது. மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

"இஞ்சாருங்கோ" என்றேன். கேட்டதாகத் தெரியவில்லை. என்னோடு வந்த மனிதர் எங்கேயோ போய்விட்டார், அவருடைய உடுப்பை மட்டும் யாரோ அங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"போதும், வைச்சிடுங்கோ."

வைத்தார். மேசையில் துப்பாக்கியை வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே, வலது கையை அதன் பக்கத்தில் குப்புற வைத்து விரல்களை அகல விரித்தார். அப்படியே இருந்தார். ஒரு விரல்கூட ஆடவில்லை. "பாருங்கள், இப்போதும் நடுங்கவில்லை" என்று பெரியவர் எனக்குக் காட்டினார். நான் விரல்களைப் பார்க்கவில்லை, என் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து உள்ளறைக்கு எடுத்துப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதுதான் தாமதம், மேசையில் இருந்த கை துடிக்கத் தொடங்கியது. கோப்பைகள் கிடுகிடுத்தன. அப்போதுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"முகாமில ஒருத்தன் இருந்தவன்" என்றார், மேசையைப் பார்த்தபடியே. "இப்பிடி ஒரு துவக்கைத் துடைச்சு மேசையில வைப்பான். பக்கத்தில கையை விரிச்சு வைக்கச் சொல்லுவான். தான் சாப்பிட்டு முடியுமட்டும் விரல் ஆடக்கூடாது. ஆடினா..."

விரித்திருந்த விரல்களை மெல்ல மடக்கினார்.

"எனக்குச் சுகமாகேல்லையப்பா. இந்தச் சாமானைக் கண்டா கை இப்பவும் அவனுக்குப் பயந்து அடங்குது. நீர் நல்லாச் சந்தோஷப்பட்டனீர். அதுதான் சொல்லேல்லை."

வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது எனக்கு. அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தேன். அது உள்ளே நடுங்கிக்கொண்டே இருந்தது.

பெரியவர் திரும்பி வந்தபோது, மொழிப் பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை டெனிஷில், "வேண்டாம். அது சுகமில்லை. பயம்" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். விளங்கிவிட்டது. "நான்தானே ஒவ்வொரு கிழமையும் கூட்டிக்கொண்டு போனேன்" என்று மெல்லச் சொன்னார். பிறகு என் கணவரின் கோட்டைக் கொண்டுவந்து, அவருக்குத் தானே போட்டுவிட்டு, வாசல்வரை தோளில் கை வைத்தபடி வந்தார்.

தொழிற்சாலை வேலை சில மாதங்களில் போகத்தான் செய்தது. நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே சத்தம் போடுகிறவர்களிடம் எல்லோரும் ஓடுவார்கள். நானோ, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறவர் யாரென்று பார்த்து அவர் பக்கத்தில்தான் முதலில் போய் உட்காருவேன். ஒரு மனிதர் நிம்மதியாக இருக்கிறாரா, பயந்து அடங்கி இருக்கிறாரா என்று தூரத்தில் நின்று சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.