வேலிக்கு அந்தப் பக்கம் வெந்த பூசணிக்காய்

எங்கள் தென்காசி வீட்டின் புறவாசலில் ஒரு கிளுவை வேலி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள். முட்டைகூடச் சேர்க்காத சைவம். அந்தப் பக்கம் கைலி வியாபாரம் செய்த ஒரு முஸ்லிம் குடும்பம். பச்சைக் காய்கறி அந்த வேலியை இரண்டு பக்கமும் தாண்டும். சமைத்தது மட்டும் எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். அங்கிருந்து இங்கே வராது. இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வீட்டுக்காரிக்கும் தெரிந்திருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபது வயது. பிறந்த வீடு குற்றாலத்தில். அங்கே தோட்டம் போடுவது என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. விதையைத் துப்பினால் முளைக்கும். மூன்று மைல் தள்ளி வாழ்க்கைப்பட்டதில் முதலில் தெரிந்த வித்தியாசம் கிணற்றுக் கயிறுதான். சாரல் காலம் தவிர மற்ற நாளெல்லாம் இறைத்து ஊற்ற வேண்டும். பாத்திரம் தேய்த்த தண்ணீர் வாழைக்கு, குளித்த தண்ணீர் கத்தரிக்கு, இறைத்த தண்ணீர் கீரைக்கும் புடலைக்கும் என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஒரு மரக்கடையில் கணக்குப்பிள்ளை. பாதி நாள் புளியறைப் பக்கம் லாரிக்காரர்களோடு அலைவார். பகலெல்லாம் எனக்குத் துணை அந்தப் பாத்திகள்தான்.

அந்தப் பக்கத்து அக்காவோடு பழக்கம் சண்டையில்தான் ஆரம்பித்தது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். அவளுடைய கோழிகள் வேலியில் ஓர் இடைவெளி கண்டுபிடித்து வந்து, என் கீரைப்பாத்தியைக் கிளறி, முளைத்ததை எல்லாம் வெளியே போட்டுவிட்டுப் போகும். ஒரு நாள் ஆத்திரத்தில் கல்லை எடுத்து எறிந்தேன். கோழி மேல் படவில்லை, கோழிகளைத் தேடி வேலிப் பக்கம் வந்த அவள் கால் மேல் பட்டது. காலைத் தடவிக்கொண்டே, "கோழிக்கு அஞ்சறிவு. எறியுத ஒனக்கு எத்தன?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துவிட்டாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் கோழிகளைக் கூப்பிட அவள் அந்த இடைவெளி வழியாகக் குனிந்து வருவதும், வந்தவள் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவதும் வழக்கமாயிற்று.

அந்த வருஷம் தை மாதம் நான் வேலி ஓரம் ஊன்றிய பூசணி, என் பக்கம் தண்ணீர் குடித்துவிட்டு அவள் பக்கம் போய்க் காய்த்தது. வேர் என்னுடையது, காய் அவள் மண்ணில். "பாதி பாதிட்டி" என்று அவளே தீர்ப்புச் சொல்லி, ஒவ்வொரு காயையும் அரிவாள்மணையில் சரிபாதியாக அறுத்து நீட்டுவாள். நான் கூட்டாஞ்சோறு ஆக்கினால் ஒரு கிண்ணம் அவளுக்குப் போகும். அவியல் வைத்தால் போகும். நல்லதாக என்ன வைத்தாலும் போகும். அவள் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள். இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு பிடி கறிவேப்பிலை, நாலு முருங்கைக்காய். எல்லாம் பச்சை. நான் பெரிய தாராளக்காரி என்று எனக்கு நினைப்பு. அவள் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கரண்டிகூட நான் வாங்கியதில்லை என்பது அந்த நினைப்பில் ஓர் ஓரமாகக்கூட உறுத்தவில்லை.

ஆனி மாதம் எனக்கு ஐந்தாவது மாதம். மசக்கை மூன்று மாதத்தில் விடும் என்றார்கள், விடவில்லை. சோற்று வாசனைக்கே குமட்டும். சாரல் பிடித்துவிட்டது, வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் நாளெல்லாம் பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்த காலம் அது. அந்த வருஷம் அதையும் பிடிக்கவில்லை. வாழை மூட்டில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டாள்: "வாய்க்கு ஒண்ணுமே பிடிக்கலையாட்டி?"

"ஒங்க வீட்டுல தாளிக்கிற வாசன வந்தா மட்டும் பசிக்கி அக்கா," என்றேன்.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அதை அவள் எங்கே வைத்துக்கொள்வாள் என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, பிற்பகல் நாலு மணி இருக்கும், வேலி இடைவெளியில் அவள் ஒரு மண்சட்டியோடு வந்து நின்றாள். சட்டி வாயில் வாழையிலையைப் போட்டுக் கட்டியிருந்தாள். முக்காடெல்லாம் தூறலில் நனைந்திருந்தது.

"புதுச் சட்டிட்டி. அகப்பையும் புதுசு. அடுப்படியில வைக்கல, பொறவாசல்ல மூணு கல்லக் கூட்டி ஆக்கினேன். கவுச்சி பட்ட ஒரு சாமானும் இதுல படல. நம்ம கொடியில காச்ச பூசணிக்காதான், தேங்காப்பால் ஊத்தி ஆணம் வச்சிருக்கேன்."

அவள் வீட்டில் குழம்புக்கு ஆணம் என்று பெயர். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருக்க முடியவில்லை. சட்டி இன்னும் சுட்டது.

"நோன்பு பாத்துக்க, அதான் உப்புப் பாக்கல. கைக்குத் தெரிஞ்ச மட்டுக்குப் போட்டிருக்கேன். நீ தின்னுட்டு உப்பு எப்படின்னு சொல்லணும் என்னா?" என்று சொல்லிவிட்டுக் குனிந்து போனாள்.

பட்டினியாக இருந்துகொண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படாத உடம்போடு, சாரலில் ஈர விறகை ஊதி ஊதி எனக்காக ஆக்கியிருக்கிறாள். இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

இலையை அவிழ்த்தேன். மஞ்சள் துண்டுகள் குழையாமல் பாலில் கிடந்தன. மேலே சீரகமும் கறிவேப்பிலையும். வாயில் எச்சில் ஊறியது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, கண்ணெதிரே இருந்த சாப்பாட்டைப் பார்த்து எனக்குப் பசித்தது. வீட்டில் யாரும் இல்லை, கேட்க ஆளில்லை. ஒரு தட்டு எடுத்து வைத்தேன். அகப்பையை விட்டேன். அப்போது வயிற்றில் பிள்ளை லேசாக அசைந்தது. உடனே என்னை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இதைத் தின்று பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் இதைத்தானே சொல்லிக்காட்டுவார்கள் என்று பயம். யார் சொல்லிக்காட்டுவார்கள்? எனக்கே தெரியாது. சட்டியை எடுத்துக்கொண்டு போய் வாழை மூட்டில் கவிழ்த்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினேன். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அதில் நிறையக் கத்தரிக்காய் பறித்துப் போட்டு வைத்தேன். கத்தரிக்காயில் ஒரு சொத்தை இல்லாமல் பார்த்துப் பார்த்துப் பறித்ததை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "உப்பு எப்படிட்டி இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சு அக்கா."

"ஒறப்பு?"

"எல்லாமே அருமையா இருந்துச்சு. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

அவள் முகம் மலர்ந்தது. வேறு எப்படிச் சொல்ல? கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு, அடுத்து எனக்கு என்ன ஆக்கித் தரலாம் என்று பேச ஆரம்பித்தாள். நான் ஊம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று பகலில் சாரல் கொஞ்சம் வலுத்தது. நான் காலால் தள்ளிய மண் எந்த மூலைக்கு? சாயங்காலம் கோழிகள் நேரே வாழை மூட்டுக்குத்தான் வந்தன. நான் ஓடிப்போய் விரட்டுவதற்குள் கிளறிவிட்டன. ஒரு கோழி மஞ்சள் துண்டு ஒன்றைக் கொத்திக்கொண்டு ஓட, இன்னொன்று அதைப் பிடுங்கத் துரத்தியது. "பா பா பா" என்று கூப்பிட்டுக்கொண்டே அக்கா குனிந்து உள்ளே வந்தாள். கோழியைப் பார்த்தாள். வாழை மூட்டைப் பார்த்தாள். தேங்காய்ப்பாலில் வெந்த துண்டுகள், கறிவேப்பிலை ஒட்டியபடி, கழுவி வைத்தது போல வெளியே கிடந்தன.

என்னை அவள் பார்க்கவில்லை. கோழிகளை ஒவ்வொன்றாகக் கைக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அன்று அவர் வேலைவிட்டு வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டிக்கொண்டே, "புளியறையில நான் திங்கிற கடையில யாரு ஆக்குதான்னு கேட்டா திங்கேன்? ஒனக்கு வேண்டாம்னா எனக்காவது வச்சிருக்கலாம்லா," என்றார். யாருக்குப் பயந்து கொட்டினேன் என்று எண்ணிக்கொண்டிருந்தேனோ, அந்தப் பட்டியலில் கடைசிப் பெயரும் அடிபட்டுப் போயிற்று. மிஞ்சியது நான் மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் கொட்டினேன் என்று சொல்ல வேண்டும். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. நாளைக்குக் கேட்போம் என்று தள்ளினேன். நாளை என்பது பத்து வருஷமாயிற்று.

அவள் சண்டை போடவில்லை. வேலி இடைவெளியை அடைக்கவும் இல்லை. பிள்ளை பிறந்தபோது உரித்த பூண்டும் சுக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். பூசணிக்காய் காய்த்தால் சரிபாதி வந்தது. நான் அனுப்பிய கூட்டாஞ்சோற்றை வாங்கிக்கொண்டாள். என்னை மட்டும் 'வாங்க, போங்க' என்று பேச ஆரம்பித்தாள். அதன் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு 'ஏட்டி' கேட்க நான் எத்தனையோ சாயங்காலம் வேலி ஓரம் வேலையில்லாமல் நின்றிருக்கிறேன்.

அறுபதுகளில் என் மகளுக்குப் பத்து வயது. ஒரு நாள் நான் வைத்த பூசணிக்காய்க் கூட்டைப் பிசைந்துகொண்டிருந்தவள், "இதுல தேங்காப்பால் ஊத்தியிருக்கலாம்மா. பெரியம்மா ஊத்துவாங்க," என்றாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியம்மா என்று அவள் கூப்பிடுவது அந்த அக்காவைத்தான்.

"அங்கன நீ சாப்பிடுவியா?"

"அம்மைகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. நீ வருத்தப்படுவியாம்."

"எத்தன நாளா?"

"எப்பமுமேதான்."

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. "உப்பு எப்படிட்டி இருக்கும்?" என்று கேட்டேன். இவளுக்கு என்ன ஆயிற்று என்பது போல என்னைப் பார்த்து, "உப்பு உப்பாத்தான் இருக்கும்," என்றாள். வயிற்றிலிருந்த எந்தப் பிள்ளைக்குப் பயந்து அன்று கொட்டினேனோ, அந்தப் பிள்ளை அக்காவின் அதே கையால் தின்று வளர்ந்து, என் முன்னால் ஒரு குறையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த வாரமே ஒரு பகல் வேளையில், தேங்காய்ப்பாலும் சீரகமுமாக அதே வாசனை வேலி தாண்டி வந்தது. நான் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் முதல் தடவையாக நான் குனிந்து அந்தப் பக்கம் போனேன். அக்கா புறவாசல் நடையில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடி ஓரத்தில் நரை ஓடியிருந்தது.

"அக்கா, பூசணிக்கா ஆணம் வச்சிருக்கீங்களா? எனக்குக் கொஞ்சம் தாங்க."

அவள் என் கிண்ணத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும்.

"தீந்துபோச்சே," என்றாள் மெதுவாக. பிறகு, "செத்த இருங்க," என்று உள்ளே போய், அறுத்து வைத்திருந்த பாதிப் பூசணிக்காயைக் கொண்டுவந்து என் கிண்ணத்தின் மேல் வைத்தாள். "நல்ல வெளஞ்ச காய். நீங்களே ஆக்கிக்கிடுங்க, ஒங்க கைக்கு உப்பு சரியா இருக்கும்."

அப்போது அடுப்படியிலிருந்து என் மகளின் குரல் கேட்டது. நான் வெளியே நிற்பது அவளுக்குத் தெரியாது.

"பெரியம்மா, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்துங்க."

"இந்தா வாறேன்ட்டி," என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே போனாள். நான் பச்சைப் பூசணிக்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்து, என் பக்கம் வந்துவிட்டேன்.