பெஞ்சில் விட்ட இடம்

நான் கதை கட்டுகிற ஆள் இல்லை. கட்டத் தெரிந்திருந்தால் போட்டோ ஸ்டுடியோவில் விரல் மஞ்சளாகும்வரை மருந்துத் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றிருக்க மாட்டேன். இது என் கண்ணால் பார்த்தது. பேய் என்றதும் அமாவாசை, நடுச்சாமம், நாய் ஊளை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதுவும் வயிறு நிறையச் சோறு தின்ற பிறகு.

1974, ஆடி மாதம். அப்போது கேரள மலையில் இருக்கும் வண்டிப்பெரியாரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டி. அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். இங்கே துவைத்த வேட்டி நாலு நாளானாலும் காயாது. என் பேச்சும் இங்கே எல்லோருக்கும் வேடிக்கை. 'ஏனுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீக்கடையே சிரிக்கும். அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். ஸ்டுடியோவின் பின்கட்டில்தான் படுக்கை. படுக்கும்போதுதான் சில நாள் உறைக்கும், காலையிலிருந்து நம்மிடம் யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று. சில நாள் அழுதும் இருக்கிறேன்.

அந்த மாதம் பெரிய வேலை ஒன்று வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் எல்லாத் தொழிலாளர்களுக்கும் படம் ஒட்டிய கார்டு கொடுக்கப் போகிறார்களாம். முந்நூறு பேருக்கு மேல். எங்கள் முதலாளி ஆறுமுகசாமி எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்.

"ஃபிலிம் என்ன மரத்துலயா காய்க்குது? நாலு நாலு பேரா உக்கார வையி" என்று சொல்லிவிட்டார்.

நாலு பேரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து ஒரே படம். பிரிண்ட் போட்டபின் தலை தலையாகக் கத்தரியால் வெட்டிப் பிரித்துவிடுவோம். ஆளுக்கு ஆறு பிரதி.

எஸ்டேட்டில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் எடுத்தேன். பெண்கள் கொழுந்து கிள்ளும் வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். தேயிலைச் செடி வரிசைக்கு அங்கே நெரை என்று பேர். காட்டில் யார் பக்கத்து நெரையில் நிற்கிறாளோ, அவள்தான் பெஞ்சிலும் பக்கத்தில். மாறி உட்காரச் சொன்னால் ஒருத்திக்கும் கை கால் ஓடவில்லை.

கடைசி பெஞ்சில் மூன்று பேர்தான். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"ஏனுங்க அம்மா, நடுவுல எதுக்குங்க எடம் உடறீங்க? நெருங்கி உக்காருங்க" என்றேன்.

இடத்துக்கு இந்தப் பக்கம் இருந்த பெண் அசையவில்லை. ஐம்பது வயதிருக்கும். பெயர் ராமுத்தாய்.

"அது எம் மக பூமாரி எடம் சார். அவ நெரை."

வேலையை மேற்பார்க்கும் கங்காணி பெரியமுத்து சிரித்தார். "அவ போன வருசமே ஓடிப்போனா சார். லாரிக்காரன் கூட. இந்தம்மா இன்னமும் எடம் போட்டு வச்சிருக்கு."

"ஓடல. வருவா" என்றாள் ராமுத்தாய். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "திங்கக்கெழமை ஆபீசுல படம் ஒட்டுறாக சார். படம் இல்லாத பேரை வெட்டிப்புடுவாக. வெட்டிட்டா அவ திரும்பி வந்தா எங்க நிப்பா? அவ படம் ஒண்ணுகூட எங்கிட்ட இல்ல. அந்த எடத்தையும் சேத்து எடுத்துருங்க சார்."

அவளுக்குப் புருசன் இல்லை. வேறு பிள்ளை இல்லை. எஸ்டேட் வரிசை வீடான லயத்தில் தனியாக உலை வைத்துத் தனியாகத் தின்கிறவள். எனக்கு அந்த வலி தெரியும். இடத்தையும் சேர்த்தே எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலாளி கம்பத்துக்குப் போயிருந்தார். பஜார் அடைப்பு. மழை விடாமல் கொட்டியது. வாசல் கதவை உள்ளே தாழ் போட்டுவிட்டு இருட்டறைக்குள் போனேன். சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது.

ஒவ்வொரு தாளாகக் கழுவினால் ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நெகட்டிவுக்கு ஆறு தாள். ஆறையும் ஒன்றாக டெவலப்பர் தட்டில் போட்டு, அடியில் இருப்பதை உருவி மேலே வைத்துக்கொண்டே இருப்பேன். எல்லாத் தாளிலும் முகங்கள் ஒரே சமயத்தில் எழும்பி வரும். பிறகு படம் நிலைக்க ஹைப்போ மருந்து. பிறகு காயவைக்கக் கயிறு. பழகிய கை, தூங்கிக்கொண்டே செய்யும்.

கடைசி பெஞ்சுக்கு வரும்போது மணி மூன்று பத்து.

ஆறு தாளையும் போட்டேன். உருவினேன். மேலே வைத்தேன். மூன்று பெண்களும் எழும்பினார்கள். நடுவில் வெள்ளைத் திரை.

மருந்து சில்லென்று இருந்தது. இப்போதுதான் கலந்தது, வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். பச்சைக் கொழுந்தின் வாடை வேறு. ஜன்னல் இல்லாத அறையில் கொழுந்து வாடை எப்படி?

முதல் தாளை எடுத்து ஹைப்போவில் முக்கிக் கயிற்றில் மாட்டினேன்.

நடுவில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முதுகு. ஒற்றைப் பின்னல். தலையில், மழைக்கு மடித்துப் போடும் கொங்காணி போல ஒரு சாக்கு.

கறை என்று நினைத்தேன். நெகட்டிவை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன். மூன்று பேர்தான். நடுவில் வெறும் திரை.

இரண்டாவது தாளை எடுத்தேன். அதிலும் அவள். ஆனால் தலை கொஞ்சம் திரும்பியிருந்தது. காது தெரிந்தது.

ஒரு நெகட்டிவில் ஒரு படம்தான் வரும். ஆயிரம் பிரதி போட்டாலும் ஒரே படம்தான். போட்டோக்காரன் பிள்ளைகூட இதைச் சொல்லும்.

மூன்றாவது... கன்னம்.

நான்காவது... மூக்கு நுனி.

அப்போது முன்னறையில் சத்தம் கேட்டது.

கிரீச்...

படம் எடுக்க ஆட்களை உட்காரவைக்கும் பெஞ்சு நகரும் சத்தம். யாரோ உட்காருவதற்கு இழுத்துப் போடுவது போல.

"யாருங்க?" என்றேன். காது கொடுத்தேன். மழைதான்.

ஐந்தாவது தாளை எடுத்தேன். பக்கவாட்டு முகம். ஒரு கண்.

ஆறாவது இன்னும் தட்டில் கிடந்தது. கவிழ்ந்து கிடந்தது. நான் தொடவில்லை.

அதுவாகவே... மெல்லப் புரண்டது.

முழு முகம்.

நேராக என்னைப் பார்த்தாள். இருபது வயது இருக்கும். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

ராமுத்தாயின் கை படம் எடுக்கும்போது அவள் மடியில் இருந்தது. எனக்கு நன்றாக நினைவு.

இப்போது மடியில் இல்லை.

பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். முன்னறையில் யாரும் இல்லை. வாசல் தாழ் போட்டபடி இருந்தது. பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் ஈரம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டேன். இருட்டும்வரை அங்கேயே நின்றேன். யாரிடம் சொல்வது? சொன்னால் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஊரில் என் தோளைத் தொட்டு என்ன ஆச்சு என்று கேட்க ஓர் ஆள் இல்லையே என்பதுதான் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நின்றபடி யோசித்தேன். அந்தப் பெண் உயிரோடு இல்லை, அம்மாவைத் தேடி வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்தத் தாய் ஒரு வருடமாக ஒரு படத்துக்கு ஏங்குகிறாள். திங்கட்கிழமை காலையில் ஆறாவது தாளிலிருந்து அவள் முகத்தை வெட்டி எடுத்தேன். எல்லாத் தாளிலும் மற்ற மூன்று பெண்களின் முகங்களை மட்டும் வெட்டிக்கொண்டு மிச்சத்தை அடுப்பில் போட்டேன். நெகட்டிவும் அடுப்பில்தான் போனது.

எஸ்டேட் ஆபீசு வராந்தாவில் ராமுத்தாய் நின்றிருந்தாள். படத்தைக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

உள்ளே மலையாளி கிளார்க் கேட்டார். "பூமாரி? இதாணோ ஆளு?"

"ஆமா சார். எம் மகதான்."

"மதி. அடுத்தது." போதும் என்று சொல்லிப் பசை தடவி ஒட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் ராமுத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எம் மக இல்ல சார்."

"பின்ன... யாருங்க அது?"

"தெரியல. இந்த எஸ்டேட்டுலயே பாத்த மூஞ்சி இல்ல. யாரா இருந்தா என்ன சார்? பேரு நிக்குமுல்ல. பாவம், அதும் யாரு பெத்த புள்ளையோ" என்றாள். படத்தில் இருந்தவளைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

அதன்பிறகு அந்த எஸ்டேட் பக்கம் நான் போகவில்லை. சந்தைக்கு வந்த கங்காணி பெரியமுத்து ஒரு நாள் சொன்னார். "அந்தம்மா இப்பல்லாம் தெளிவா இருக்கு சார். சிரிச்சுப் பேசுது. ரெண்டு பேருக்கு அரிசி வாங்குது." அவளாவது நன்றாக இருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

தை மாதம் ஒரு சாயங்காலம். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். மெலிந்து போயிருந்தாள். கண்ணெல்லாம் வீக்கம்.

"அவசரமா ஒரு படம் வேணும் சார். ஆபீசுல காட்டணும். எம் பேருல வேற யாரோ படம் ஒட்டியிருக்காம். நான்தான் பூமாரின்னா நம்ப மாட்டேங்குறாக."

கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டேன்.

"உங்கம்மா சொல்லட்டுமேங்க" என்றேன்.

"ரெண்டு நாளா வாசல்லயே கெடக்கேன் சார். அம்மா கதவத் தொறக்கல. உள்ள இருந்தே சொல்லுது... எம் மக சாப்ட்டுக்கிட்டு இருக்கா, நீ யாருடின்னு." குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்புறம் உள்ள இன்னொரு ஆளு பேசுச்சு சார். யாரும்மா அதுன்னு."

"யாரு பேசினதுங்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"எங் கொரல் சார்."