வேப்பெண்ணெய் தடவிய பின்னல்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். மண்வெட்டி பிடித்துப் பழகிய கை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். விடுபட்ட ஒற்றுகளைப் படிக்கிறவர்களே போட்டுக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் போனதால் இப்போது எழுதுகிறேன்.

எண்பதுகளில், மலேசியாவில் கோலா சிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் வீட்டுச் செடிகொடிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு காலையில் அந்த வீட்டுக் கூடத்தில் சேலைத் தொட்டில் தொங்கியது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் யாருக்குத் தொட்டில் என்று எட்டிப் பார்த்தேன். செம்மயிர் படர்ந்த நீளமான கை ஒன்று வெளியே வந்து காற்றைத் துழாவியது. ஒராங் ஊத்தான் என்கிற மனிதக்குரங்கின் குட்டி. கடலுக்கு அப்பாலிருந்து வந்ததென்று படகுக்காரர் ஒருவர் கிராணிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்பது எனக்குத் தெரியாது.

கிராணியின் மனைவியை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். கிராணியம்மாவுக்கு இடுப்பு வரை நீண்ட பின்னல். குட்டி அதைப் பிடித்துக்கொண்டால் விடாது. சமைக்கும்போதும் துணி காயப்போடும்போதும் முதுகில் தொங்கும். தொட்டிலில் போட்டால் வீடே அதிரக் கத்தும். தொழிலாளர் குடியிருந்த லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில் கேலி பேசினார்கள். "கிராணியம்மாவுக்கு இந்த வருசம் ரெண்டு பின்னல். ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவப்பு!" அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். கிராணிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "எறக்கி விடு லா அத! ஆபீசு ஆளுங்க வந்தா நான் மொகத்த எங்க வச்சிக்கிறது?"

ஒரு நாள் அம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "என்ன தம்பி செய்யிறது, தலையே பிஞ்சிரும் போல இருக்கு" என்றார். அந்த மாதம்தான் என் மனைவி மார்பில் வேப்பெண்ணெய் தடவி எங்கள் மகளுக்குப் பால் மறக்கடித்திருந்தாள். "பின்னல்ல கொஞ்சம் தடவிப் பாருங்கம்மா, ரெண்டு நாள்ல விட்டுரும்" என்றேன். நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

சொன்னபடியே விட்டது. முகர்ந்து பார்த்தது, வாயில் வைத்தது, முகத்தைச் சுளித்துக் கையை எடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் தொட்டிலில் சத்தமில்லை. "சமத்தாயிருச்சே!" என்று பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்கும் உள்ளுக்குள் பெருமை. வாரம் திரும்புவதற்குள் அது டின் பாலைத் தொடுவதையே விட்டுவிட்டது. தன் தோள்களைத் தானே கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தது.

வனவிலங்கு இலாகாவுக்கு ஆளனுப்பச் சொன்னது அம்மாதான். "வந்தா கொண்டுபோயிருவாங்க, எனக்கும் கேஸ் வரும்" என்றார் கிராணி. "போனாலும் உசுரோட போகட்டும்" என்றார் அம்மா.

வந்த அதிகாரி நடுவயது மலாய்க்காரர். குட்டியைத் தொட்டுப் பார்த்து, மெதுவாக மலாயில் சொன்னார். இவை ஏழெட்டு வயது வரை தாயைப் பிரிவதில்லை. இதற்கு ஒரு வயதுகூட நிரம்பியிருக்காது. தாயின் மயிரைப் பிடித்திருப்பதுதான் இதற்கு உயிர். தாயைச் சுடாமல் இந்தக் கையைப் பிரித்திருக்க முடியாது. விழுந்து கிடந்த தாய் மீதும் இது பிடித்துக்கொண்டேதான் இருந்திருக்கும். பிறகு பின்னலை முகர்ந்துவிட்டுக் கேட்டார்: "இதைத் தடவச் சொன்னது யார்?"

நான் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயோடு சன்னலருகில் நின்றிருந்தேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான். எனக்காவே தோணிச்சி" என்றார். கிராணி எல்லார் முன்னாலும் அவரை ஏசினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே நனைந்திருந்த செடிக்கே தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று நாளில் வண்டி வரும், அதுவரை உடம்போடு வைத்திருங்கள், பிடித்தால்தான் பிழைக்கும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார். அம்மா சீயக்காய் போட்டுத் தலையை அலசினார். வாடை போகவில்லை என்று மறுபடியும் அலசினார். கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு குட்டியை மார்போடு அணைத்து உட்கார்ந்தார். அது கையை நீட்டவில்லை. முதல் நாளும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, இலாகா ஜீப் வந்து நின்ற சத்தத்தில் அது திடுக்கிட்டது. இரண்டு கைகளாலும் அவர் கூந்தலைக் கொத்தாகப் பற்றியது. அம்மா அழுதார், சிரித்தார். "புடிச்சிருச்சி தம்பி! பாரு, புடிச்சிருச்சி!"

அதிகாரியோடு வந்த ஆள் அதன் விரல்களைப் பிரிக்கக் கை நீட்டினார். "வேண்டாம், பிரிக்காதீங்க" என்று அம்மா தடுத்தார். என்னிடம் திரும்பி, "தம்பி, கத்திரிக்கோல் எடுத்தா" என்றார். பூச்செடி வெட்டும் கத்திரிதான் கையில் இருந்தது. கொடுத்தேன். கழுத்தோரம் வைத்துத் தாமே வெட்டினார். கூந்தலைப் பிடித்தபடியே குட்டி ஜீப்பில் ஏறியது. மறுவாரம் அதிகாரி சொல்லி அனுப்பினார்: பால் குடிக்கிறது, முடியை மட்டும் யாரிடமும் தருவதில்லை.

லயத்தில் எல்லாரும் அவரிடம் எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார்கள். அவர் சிரித்து மழுப்பினார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று தோட்டம் கைமாறிவிட்டது, கிராணி வீடு இருந்த இடத்தில் வேலி போட்டிருக்கிறார்கள். அம்மா ராவாங்கில் மகன் வீட்டில் இருந்தார். போன மாதம் இறந்துவிட்டார். துக்க வீட்டில் யாரோ அந்தப் பழைய கதையை எடுத்தார்கள். "பாவம், வெவரம் தெரியாம வேப்பெண்ணெய் தடவிட்டாங்க" என்றார்கள். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

தடவச் சொன்னது நான். அம்மாவின் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டும்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை எழுதியது.